எண் 16: ஒரே வளையில் 43 ஆண்டு வாழ்ந்த கதவுச் சிலந்தி (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

மேற்கு ஆஸ்திரேலியாவின் கோதுமை வயல்களுக்கு நடுவே, ஏருக்குத் தப்பிய ஒரு புதர்க்காட்டில், 'எண் 16' என்று குறிக்கப்பட்ட பெண் சிலந்தி ஒன்று 43 வயதுவரை வாழ்ந்தது. வயது பதிவான சிலந்திகளில் அதைவிட நீண்ட ஆயுள் கண்டது வேறு இல்லை. பள்ளிகளில் பூச்சிகளையும் சிலந்திகளையும் பற்றிப் பேசப் போகும்போதெல்லாம் இந்தச் சிலந்தியைப் பற்றிச் சொல்லாமல் நான் திரும்புவதில்லை. பிள்ளைகளும் ஆசிரியர்களும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

கதவுச் சிலந்தி என்றால் என்ன? அது வலை பின்னாதா?

சிலந்தி என்றதும் நமக்கு மூலையில் தொங்கும் ஒட்டடைதான் நினைவுக்கு வரும். கதவுச் சிலந்தி தரையில் வளை தோண்டி வாழ்வது. வளையின் உள்சுவரைத் தன் நூலால் மெழுகி, வளையின் வாயில் ஒரு மூடி வைத்துக்கொள்ளும். மூடியின் ஒரு பக்கம் மட்டும் நூலாலேயே கீல்போலப் பிணைந்திருக்கும். தள்ளினால் திறக்கும், விட்டால் மூடிக்கொள்ளும். மூடியின் மேல்புறத்தில் சுற்றியுள்ள அதே மண்ணும் சருகும் ஒட்டியிருப்பதால், குனிந்து தேடினாலும் சட்டென்று கண்ணில் படாது. ஆங்கிலத்தில் ட்ராப்டோர் ஸ்பைடர் என்பார்கள். நான் கதவுச் சிலந்தி என்றே எழுதுகிறேன். பிள்ளைகளுக்கு அது உடனே பிடிபடுகிறது.

டாரன்டுலா எனப்படும் பெரிய மயிர்ச் சிலந்திகளுக்கு இவை நெருங்கிய சொந்தம். ஒரு வேறுபாட்டை வைத்தே இந்தக் கூட்டத்தை அடையாளம் காணலாம். வீட்டுச் சிலந்தியின் நச்சுப்பற்கள் இடுக்கிபோல ஒன்றையொன்று நோக்கி மூடும். இவற்றின் பற்கள் இரண்டும் இணையாக, கடப்பாரை இறங்குவதுபோல மேலிருந்து கீழே குத்தும்.

எண் 16 எந்த இனத்தைச் சேர்ந்தது?

கையஸ் வில்லோசஸ். 1914-ல் ரெயின்போ என்ற ஆய்வாளர் வைத்த பெயர். வில்லோசஸ் என்றால் லத்தீனில் மயிர் நிறைந்தது என்று பொருள். பழைய கட்டுரைகளில் அனிடியோப்ஸ் வில்லோசஸ் என்று இருக்கும், இரண்டும் ஒன்றுதான். குடும்பம் இடியோபிடே. இந்தக் குடும்பப் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நம் ஊருக்கு வரும்போது மறுபடியும் தேவைப்படும்.

அது வாழும் இடம் எப்படிப்பட்டது?

பெர்த் நகரத்திலிருந்து கிழக்கே ஏறத்தாழ 180 கிலோமீட்டர் போனால் டாமின் என்ற சிற்றூர் வரும். அதை ஒட்டிய பகுதியில் இருக்கிறது வடக்கு பங்கல்லா காப்பிடம். காப்பிடம் என்றதும் முதுமலை அளவுக்குக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். சுற்றிலும் கண்ணுக்கெட்டிய தூரம் கோதுமை வயல், நடுவில் ஒரு துண்டுப் புதர்க்காடு, அவ்வளவுதான். பாலர்டாங் நூங்கார் மக்களின் பூர்விக நிலம் இது.

மழை குறைவு. அதுவும் பெரும்பாலும் மே முதல் ஆகஸ்ட் வரையிலான குளிர்காலத்தில்தான் பெய்யும். டிசம்பர், ஜனவரியில் வெயில் 40 டிகிரியைத் தாண்டும். அடியிலிருந்தே பல தண்டுகளாகக் கிளைக்கும் குட்டை யூகலிப்டஸ், வேலமரத்துக்குச் சொந்தமான அக்கேசியாப் புதர்கள், நம் சவுக்குக்கு உறவான ஷீஓக் மரங்கள் ஆகியவைதான் இங்குள்ள தாவரங்கள். சவுக்குத் தோப்புக்குள் நடந்தவர்களுக்குத் தெரியும், தரை முழுக்க ஊசி ஊசியாகச் சருகு மெத்தைபோலக் கிடக்கும். இங்கும் மரத்தடியில் அப்படிக் குச்சியும் சருகும் குவிந்து கிடக்கின்றன. காற்று வாரிக்கொண்டு போகாத இந்தக் குப்பைதான் கையஸ் வில்லோசஸுக்கு உயிர்நாடி. எப்படி என்று அடுத்த கேள்வியில் சொல்கிறேன்.

வளையைச் சுற்றிக் குச்சிகளை அடுக்கி வைக்கும் என்கிறார்களே, எதற்கு?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இதுதான். வளையின் விளிம்பிலிருந்து வெளிப்பக்கமாக, விசிறியை விரித்ததுபோல, மெல்லிய குச்சிகளையும் காய்ந்த இலைகளையும் இந்தச் சிலந்தி நூலால் ஒட்டி வைக்கும். ஒவ்வொரு குச்சியின் உள்முனையும் வளையின் விளிம்பில் இணைந்திருக்கும். வெளிமுனை தரையில் கிடக்கும்.

இரவு ஏறியதும் சிலந்தி மேலே வந்து, மூடியைச் சற்றே உயர்த்தி, முன்கால்களை விளிம்பில் வைத்துக்கொண்டு அசையாமல் காத்திருக்கும். அதன் கண்கள் இந்த வேலைக்குப் பெரிதாக உதவுவதில்லை. வெளியே போகும் எறும்பு ஒரு குச்சியின் நுனியை மிதிக்கிறது என்று வையுங்கள். அந்த அதிர்வு குச்சி வழியாக விளிம்புக்கு வந்து, சிலந்தியின் காலில் படும். எந்தக் குச்சியில் அதிர்வு வந்ததோ அந்தத் திசையில் பாய்ந்து, இரையைப் பற்றி, அதே வேகத்தில் உள்ளே போய்விடும். பல சமயம் பின்கால்கள் வளையின் விளிம்பை விட்டுக்கூட வந்திருக்காது. குச்சிகள் இல்லையென்றால் தன் கால் எட்டும் வட்டம்தான் அதன் வேட்டைக்காடு. குச்சிகள் அந்த வட்டத்தைப் பல மடங்கு விரிக்கின்றன. தூண்டில்காரர் கையில் நரம்பைப் பிடித்துக்கொண்டு மீன் தொடுவதை விரலால் உணர்வார் அல்லவா, அப்படி எல்லாத் திசையிலும் நரம்பு போட்டு உட்கார்ந்திருக்கிறது இந்தச் சிலந்தி.

எறும்புதான் முக்கியமான இரை. வண்டு, கரப்பான், அந்துப்பூச்சி என்று கிடைப்பதையும் விடாது.

வளைக்குள்ளே என்ன இருக்கும்?

நூல் மெழுகிய குழாய் ஒன்று, அடியில் சிலந்தி. ஆனால் அந்தக் குழாயில் ஒரு நுட்பம் இருக்கிறது. மேல்பகுதியில் உள்ள நூல் உறை, காலுறைபோலச் சுவரிலிருந்து பிரிந்து மடியக்கூடியது. தின்ற பூச்சிகளின் ஓடு, தலை, கால் எல்லாவற்றையும் சிலந்தி இந்த உறைக்கும் மண்சுவருக்கும் இடையில் திணித்து வைக்கும். பூரானோ தேளோ மூடியைத் தாண்டி உள்ளே நுழைந்தால், கீழே இருக்கும் சிலந்தி உறையைப் பிடித்து இழுக்கும். உறை மடிந்து, குப்பையின் கனத்தோடு கீழிறங்கி, வழியை அடைத்துவிடும். வந்தவனுக்கு வளை அங்கேயே முடிந்துவிட்டதாகத் தெரியும். சிலந்தி அந்தப் பொய்த்தரைக்குக் கீழே பத்திரமாக இருக்கும்.

இதை முதன்முதலில் படித்தபோது என் பாட்டி வீட்டு நிலவறை நினைவுக்கு வந்தது. மேலே நெல் மூட்டை, அதன் அடியில் பலகை, பலகைக்கு அடியில் பாத்திரம் பண்டம்.

எண் 16-ஐக் கண்டுபிடித்தவர் யார்?

பார்பரா யார்க் மெயின். 1929-ல் பிறந்தவர், இதே கோதுமை மண்டலத்துப் பண்ணையில் வளர்ந்தவர், மேற்கு ஆஸ்திரேலியப் பல்கலைக்கழகத்தில் விலங்கியல் ஆய்வாளர். 1974-ல் வடக்கு பங்கல்லாவில் கதவுச் சிலந்திகளின் வளைகளுக்கு எண் இட்டு, அவற்றைத் தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைத் தொடங்கினார். தாயின் வளையிலிருந்து அப்போதுதான் வெளியேறி, தனக்கென்று சின்னஞ்சிறு வளை தோண்டியிருந்த குஞ்சு ஒன்றுக்கு 16 என்ற எண் விழுந்தது.

அதன்பிறகு ஆண்டுதோறும் போனார். ஒவ்வொரு வளையையும் பார்த்தார்: ஆள் இருக்கிறதா, மூடி சரியாக இருக்கிறதா, புதுக் குஞ்சுகள் வந்திருக்கின்றனவா. பெரிய கருவி எதுவும் தேவைப்படாத வேலை. முழங்கால் போட்டுக் குனிய வேண்டும், பதிவை ஒழுங்காக எழுத வேண்டும், அடுத்த ஆண்டும் வர வேண்டும். பிற்காலத்தில் கர்ட்டின் பல்கலைக்கழகத்தின் லியாண்டா மேசன் இந்த வேலையில் சேர்ந்து தொடர்ந்து நடத்தினார். எண் 16 பற்றிய ஆய்வுக் கட்டுரை மேசன், கிராண்ட் வார்டெல்-ஜான்சன், பார்பரா மெயின் மூவர் பெயரிலும் 2018-ல் வெளிவந்தது. அடுத்த ஆண்டு பார்பரா காலமானார்.

இரண்டு மூன்று ஆண்டுகளில் முடிவைக் காட்டச் சொல்லும் இந்தக் காலத்தில், ஒரு சிலந்தியின் ஆயுளை அறிய 42 ஆண்டு காத்திருந்தவர் அவர். ஆய்வு பத்தாவது ஆண்டோடு நின்றிருந்தால், இந்தச் சிலந்தி பத்தாண்டுக்கு மேல் வாழும் என்பதற்கு மேல் நமக்கு எதுவும் தெரிந்திருக்காது.

அத்தனை ஆண்டும் அது ஒரே சிலந்திதான் என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

நியாயமான சந்தேகம். இந்த இனத்தின் பெண், தோண்டிய வளையை விட்டு வாழ்நாளில் வேறிடம் குடிபோவதில்லை. இறந்த சிலந்தியின் வளையில் வேறொன்று வந்து குடியேறுவதும் இல்லை. ஆளில்லாத வளை சீக்கிரமே சிதையும். மூடி பிய்ந்து போகும், விளிம்பு சரியும். சிலந்தி வளர வளர வளையும் அகலமாகும், மூடியின் விளிம்பில் புதிது புதிதாகச் சேர்த்து அதையும் பெரிதாக்கும். ஒருவேளை பழையது செத்து, அதே இடத்தில் குஞ்சு ஒன்று புதிதாகத் தோண்டியிருந்தால், துளை திடீரென்று சிறுத்திருக்கும். எண் இட்ட இடத்தில் பழுதில்லாத பெரிய வளை இருக்கிறது என்றால், உள்ளே இருப்பது அதேதான்.

1974-க்கும் அது இறந்த 2016-க்கும் இடையே 42 ஆண்டுதானே, 43 எப்படி என்றும் சிலர் கேட்பார்கள். முட்டையிலிருந்து வெளிவந்து தாயின் வளையில் இருந்த காலத்தையும் சேர்த்தால் 43.

இவ்வளவு ஆயுள் எப்படிச் சாத்தியம்?

குந்தித் தின்றால் குன்றும் மாளும் என்பது நம் கணக்கு. இந்தச் சிலந்தியின் கணக்கில் குந்தியிருப்பதுதான் சேமிப்பு. அலைச்சல் இல்லை, வலையைத் தினமும் பிரித்துக் கட்டும் செலவு இல்லை, உடம்பின் எரிபொருள் தேவை மிகக் குறைவு. இரை கிடைக்காத வாரங்களைப் பட்டினியாகவே தள்ளிவிட முடிகிறது. மேலே மண் கொதிக்கும்போது வளையின் அடியில் குளிர்ச்சியும் ஈரமும் இருக்கும். கோடையின் மோசமான நாட்களில் மூடியை உள்ளிருந்தே மண்ணால் அடைத்துக்கொண்டு கிடக்கும்.

வீட்டுச் சிலந்தி வகைகள் வளர்ந்து முடித்ததும் தோல் உரிப்பதை நிறுத்திவிடும். இந்தக் கூட்டத்துப் பெண்கள் முதிர்ந்த பிறகும் தோல் உரித்துக்கொண்டே இருக்கும். தேய்ந்த சட்டையைக் கழற்றிப் புதியது போட்டுக்கொள்வதுபோல.

எண் 16-க்கு முன்னால் சாதனையாளராக இருந்தது மெக்சிகோவைச் சேர்ந்த ஒரு டாரன்டுலா. அதன் வயது 28.

ஆண் சிலந்தியும் இத்தனை ஆண்டு வாழுமா?

வாழாது. ஐந்து வயதை ஒட்டி முதிர்ந்ததும் ஆண் தன் வளையை விட்டு வெளியேறிவிடும். கோடை முடிந்து முதல் மழை மண்ணை நனைக்கும் இரவுகளில் பெண்ணைத் தேடி அலையும். இணைசேர்ந்தாலும் சேராவிட்டாலும் அந்தப் பருவத்தோடு அதன் கதை முடிந்துவிடும். பெண்ணோ தன் வளையிலேயே முட்டையிட்டு, குஞ்சுகளைத் தன்னோடு வைத்திருந்து, மழை வந்ததும் அனுப்பிவைக்கும். குஞ்சுகள் நடந்தே போகும். அதிக தூரம் போகாது. அதனால்தான் ஒரு தாயைச் சுற்றிக் குட்டி வளைகள் கூட்டமாக இருக்கும். அந்தக் குஞ்சுகளில் பெரும்பாலானவை பிழைப்பதில்லை. மழை பொய்த்த ஆண்டில் பிறந்தவை நிலைமை இன்னும் மோசம்.

எண் 16 எப்படி இறந்தது?

முதுமையால் அல்ல. 2016 அக்டோபர் இறுதியில் லியாண்டா மேசன் போய்ப் பார்த்தபோது, மூடியில் துளை விழுந்திருந்தது, வளை சிதையத் தொடங்கியிருந்தது. அதற்கு ஆறு மாதம் முன்புவரை உயிரோடு இருந்தது பதிவில் இருக்கிறது. ஒட்டுண்ணிக் குளவியின் வேலை அது என்று ஆய்வாளர்கள் முடிவுக்கு வந்தார்கள்.

குளவி என்ன செய்யும் என்பதை நம் வீட்டிலேயே பார்க்கலாம். சன்னல் ஓரத்திலும் மின்விசிறிப் பெட்டிமேலும் களிமண் உருண்டையாகக் கூடு கட்டியிருக்குமே, அப்படி ஒரு கூட்டை ஒருமுறை நான் கத்தியால் கீறிப் பார்த்தேன். ஒவ்வொரு அறையிலும் சின்னச் சின்னச் சிலந்திகளை நெருக்கி அடைத்திருந்தது. பச்சை, பழுப்பு, கோடு போட்டது என்று பதினைந்துக்கு மேல் எண்ணினேன். ஊசியால் தொட்டபோது ஒன்றின் கால் மெதுவாக மடங்கியது. செத்திருக்கவில்லை, கொட்டி முடக்கப்பட்டிருந்தன. குளவியின் புழு பொரித்ததும் கெடாத உணவு வேண்டும் என்பதற்கான ஏற்பாடு. அது வேறு குளவி, வழி ஒன்றுதான். கதவுச் சிலந்தியை வேட்டையாடும் குளவி வளைக்குள் போய்ச் சிலந்தியை முடக்கி, அதன் உடம்பில் முட்டையிடும். பொரிக்கும் புழு சிலந்தியைத் தின்று வளரும்.

40 கோடைகளைத் தாங்கிய மூடியை ஒரு குளவி துளைத்துவிட்டது என்பது மனதுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் அந்தக் குளவியும் அதே புதர்க்காட்டின் குடிதான்.

வளை அழிந்தால் வேறு வளை தோண்டிக்கொள்ளாதா?

குஞ்சாக இருந்தால் வாய்ப்பு உண்டு. வளர்ந்த பெண் வெளியே வந்து புதிதாகத் தொடங்குவது அரிது. வளைதான் அதற்கு வீடு, கவசம், தூண்டில் எல்லாம். ஆட்டுக் குளம்பு ஒன்று சரியாக மூடிமேல் விழுந்தால், பல பத்தாண்டு வாழ்க்கை அந்த இடத்திலேயே முடியலாம்.

இந்த இனத்துக்கு இப்போது என்ன ஆபத்து?

கோதுமைக்காகக் காட்டை அழித்தது முதல் அடி. அந்த மண்டலத்தின் பல பகுதிகளில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் இயற்கைத் தாவரம் போய்விட்டது. இரண்டாவது அடி மெதுவாக வந்தது: உவர். ஆழமாக வேர்விட்ட மரங்கள் நிலத்தடி நீரை உறிஞ்சிக் கீழேயே வைத்திருந்தன. மரங்களை வெட்டி, வேர் ஆழம் இல்லாத பயிரை வைத்ததும் நீர்மட்டம் ஏறியது. காலங்காலமாக அடியில் கிடந்த உப்பு நீரோடு மேலே வந்து, மண் வெளுத்துக் களராகிவிட்டது. உவர் ஏறிய மண்ணில் மரமும் இல்லை, சருகும் இல்லை.

எஞ்சிய துண்டுகளுக்குள் ஆடு புகுந்தால் தரை மிதிபடும். தீ பரவினால் குச்சியும் சருகும் எரிந்துபோகும், வேட்டைக்கு விரிக்க ஒன்றும் இருக்காது. ஒரு துண்டில் இந்தச் சிலந்தி அற்றுப்போனால், நடந்தே பரவும் குஞ்சுகள் வயலைத் தாண்டி அடுத்த துண்டிலிருந்து வந்து சேர முடியாது.

ஆயுள் நீளமாக இருப்பதால் இன்னொரு மயக்கமும் உண்டு. ஒரு காப்பிடத்தில் இருபது வளை இருக்கிறது என்று மகிழ்வோம். எல்லாமே கிழவிகளாக இருந்து, குட்டி வளை ஒன்றுகூட இல்லையென்றால் அந்தக் கூட்டம் அழிவை நோக்கிப் போகிறது என்று பொருள். பெரிய வளை, சிறிய வளை எத்தனை என்று பிரித்து எண்ண வேண்டும். பார்பரா செய்தது இதைத்தான். இன்னொன்றையும் அவர் விடாமல் சொல்லிவந்தார்: சிறிய காட்டுத் துண்டு என்று எதையும் தள்ளிவிடக் கூடாது, பெரிய விலங்குகளுக்குப் போதாத இடம் சிலந்திக்குத் தலைமுறை தலைமுறையாகப் போதும்.

கடித்தால் ஆபத்தா?

கடித்தால் வலிக்கும். உயிருக்கு ஆபத்து என்று சொல்லும்படியான இனம் இல்லை. ஆஸ்திரேலியா என்றதும் பலர் பயப்படுவது சிட்னி புனல்வலைச் சிலந்தியைத்தான். அது கண்டத்தின் மறுகோடியில், வேறு குடும்பத்தில் இருக்கிறது. அதற்கும் 1981-லேயே முறிமருந்து வந்துவிட்டது.

நம் பக்கம் கதவுச் சிலந்திகள் உண்டா?

உண்டு. கையஸின் அதே இடியோபிடே குடும்பத்தைச் சேர்ந்த இடியோப்ஸ், ஹெலிக்மோமெரஸ் ஆகிய பேரினங்கள் இந்தியாவில் இருக்கின்றன. இலங்கையில் உள்ள ஹெலிக்மோமெரஸ் டாப்ரோபேனிகஸ் என்ற இனத்துக்கு, தீவின் பழைய கிரேக்கப் பெயரான தப்ரபேனையை வைத்து 1892-ல் பெயரிட்டார் பிரெஞ்சு ஆய்வாளர் சிமோன். தென்னமெரிக்கா, ஆப்பிரிக்கா, இந்தியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து என்று இந்தக் குடும்பம் பரவியிருக்கிறது. இந்த நிலங்கள் எல்லாம் ஒருகாலத்தில் கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக ஒட்டியிருந்தவை.

எல்லா உறவும் நிலம் பிரிந்ததால் வந்தவை அல்ல. தென் ஆஸ்திரேலியாவின் கங்காரு தீவில் மொக்ரிட்ஜியா ரெயின்போயி என்ற கதவுச் சிலந்தி இருக்கிறது. அதன் உறவினர்கள் ஆப்பிரிக்காவில். நிலங்கள் பிரிந்து வெகுகாலத்துக்குப் பிறகே, 20 லட்சத்திலிருந்து 1.6 கோடி ஆண்டுகளுக்கு உள்ளாக, இரண்டும் பிரிந்திருக்கின்றன என்று 2017-ல் மரபணு ஆய்வு காட்டியது. மண்ணோடும் மரத்தோடும் இந்தியப் பெருங்கடலில் மிதந்துதான் அது போயிருக்க வேண்டும். பிறந்த இடத்தை விட்டு நகராத உயிர் கடலைக் கடந்ததும் வளைக்குள் இருந்தபடியேதான் போலிருக்கிறது.

நேரில் பார்க்க வேண்டுமானால் எங்கே தேடுவது?

காட்டுப் பாதைகளின் ஓரத்து மண்மேடு, மரத்து வேரிடுக்கு, பாசி படர்ந்த சரிவு ஆகிய இடங்களில் பாருங்கள். மழை ஓய்ந்த மறுநாள் நல்லது. டார்ச்சை மேலிருந்து அடிக்காமல், தரையோடு ஒட்டிப் பக்கவாட்டில் பிடியுங்கள். மூடியின் விளிம்பு மெல்லிய வளைகோடாக நிழல் விழுந்து தெரியும். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்தில் ஓர் ஒற்றையடிப் பாதையில் அரைமணி நேரம் தேடி அலுத்து, தண்ணீர் குடிக்க உட்கார்ந்தபோது, என் செருப்புக்கு ஒரு சாண் தள்ளி அப்படி ஒரு கோடு தெரிந்தது. நகம் அளவுதான் இருக்கும், மேலே பாசி.

குச்சியை விட்டு நெம்பித் திறக்காதீர்கள். கீல் பிய்ந்தால் அதைச் சரிசெய்யும் வரை வளை திறந்தே கிடக்கும். விளக்கை அணைத்துவிட்டு, இருட்டும்வரை பொறுத்திருந்தால், மூடி தானாகவே ஒரு நூலளவு உயரும்.